நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிக்குதா? ஹார்ட்டா பயமான்னு தெரிஞ்சுக்க எங்க போகணும், எவ்வளவு ஆகும்

எனக்கு 33 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். ஒரு ஷிப்மென்ட்டை அனுப்பிட்டு ராத்திரி பஸ்ல கோயம்புத்தூர் போய்ட்டு இருந்தேன், அவினாசி தாண்டினதும் நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சுது, கை ரெண்டும் மரத்துப் போச்சு, செத்துருவேன்னே முடிவு பண்ணி பக்கத்து சீட்ல இருந்தவர் கைய பிடிச்சுக்கிட்டேன். அன்னையிலிருந்து 8 மாசம் ஹார்ட் ஹார்ட்னு அலைஞ்சேன், 4 தடவை எமர்ஜென்சி. கடைசில அது பயம்னு தெரிஞ்சுது, அதுக்கு வைத்தியம் பண்ணி இப்ப நல்லா இருக்கேன்.

உடுமலைல இருக்கிற எங்க அக்காவுக்கு இதே படபடப்பு 6 வருஷமா. போற எடத்துல எல்லாம் "டென்ஷன்மா, மனசை லேசா வச்சுக்கோங்க"ன்னு சொல்லி தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினாங்க. ஆனா அக்காவுக்கு இருந்தது நிஜமாவே ஹார்ட்டோட கரண்ட் பாதைல ஒரு கோளாறு.

ஒரே வீட்ல ரெண்டு பேருக்கும் தலைகீழா பேர் வச்சு அலைய விட்டதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான், நெஞ்சு அடிச்சிட்டு இருக்கும்போதே எடுத்த ஈசிஜி எங்க கையில இல்ல. அதை எப்படி வாங்கறது, அதுக்கப்புறம் என்ன பண்ணணும், எங்க காசு போகும், எல்லாத்தையும் வரிசையா எழுதறேன். நான் டாக்டர் இல்ல. இதுல இருக்கற ரேட் எல்லாம் எங்க பில்லுல இருக்கறது, உங்க ஊர்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. இந்த அறிகுறி இருந்தா படிக்கறத நிறுத்திட்டு 108க்கு போன் பண்ணுங்க

படபடப்போட மயக்கம் போட்டு விழுந்தா, நெஞ்சுல அழுத்தற மாதிரி வலி வந்து கை தாடைன்னு பரவினா, மூச்சு வாங்கி பேச முடியலைன்னா, ஓடும்போதோ படி ஏறும்போதோ திடீர்னு கண்ணு இருட்டினா, சும்மா உக்காந்திருக்கப்பவே 150க்கு மேல அடிச்சு அது 15 நிமிஷம் ஆகியும் இறங்கலைன்னா, ஏற்கனவே ஹார்ட் பிரச்சனை உள்ளவரா இருந்தா, அப்ப ஹார்ட்டா பயமான்னு ஆராய்ச்சி பண்ணக் கூடாது. வீட்ல யாராவது 40 வயசுக்குள்ள திடீர்னு இறந்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட முதல் வரியிலேயே சொல்லிருங்க, கேட்பாங்கன்னு காத்திருக்க வேண்டாம்.

நம்ம வீடுகள்ல நெஞ்சுல என்ன வந்தாலும் "கேஸ்"னு சொல்லி ஓம வாட்டர் குடுத்து அரைமணி நேரம் பார்க்கற பழக்கம் இருக்கு. அந்த அரைமணி நேரம் ரொம்ப முக்கியம், மேல சொன்ன அறிகுறி இருந்தா ஓம வாட்டரைத் தேடாதீங்க.

2. எண்ணுங்க, உடனே எழுதி வைங்க

பெருவிரலுக்கு நேர் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரலை வச்சு 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. கழுத்துல பார்க்கறதா இருந்தா ஒரு பக்கம் மட்டும் லேசா வைங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது. கொரோனா சமயத்துல வாங்கின ஆக்சிமீட்டர் வீட்ல இருந்தா அதையே மாட்டி போன்ல வீடியோ எடுத்துக்கோங்க, எண்ணும் நேரமும் ரெண்டும் பதிவாகிரும்.

உக்காந்திருக்கும்போது 60லேர்ந்து 100 வரைக்கும் சாதாரணம். எண் மட்டும் போதாது, நாலு விஷயம் எழுதணும். எப்படி ஆரம்பிச்சுது, எவ்வளவு அடிச்சுது, ஒரே சீரா அடிச்சுதா இல்ல தாறுமாறாவா, எப்படி நின்னுது.

இதுல எப்படி ஆரம்பிச்சு எப்படி நின்னுதுங்கறதுலதான் பாதி பதில் இருக்கு. எனக்கு வந்தப்ப எல்லாம் 90, 105, 120ன்னு ஏறி 128 வரைக்கும் போய், அதே மாதிரி அரைமணி நேரத்துல மெதுவா இறங்கும். அக்காவுக்கு சுவிட்ச் போட்ட மாதிரி. குனிஞ்சு துணி எடுப்பாங்க, நிமிரும்போதே 188. தொண்டைக்குழி தனியா துடிக்கறது எதிர்ல நிக்கற நமக்கே தெரியும். அப்புறம் சுவிட்சை அணைச்ச மாதிரி டக்குன்னு நிக்கும், நின்ன கையோட பாத்ரூம் போவாங்க, ரெண்டு மூணு தடவை நிறைய போகும். அதை யாரும் கேட்டதும் இல்ல அக்கா சொன்னதும் இல்ல, ஆனா இந்த வகை படபடப்புல பல பேருக்கு அப்படி ஆகும், ஹார்ட் மேல் அறை இழுபட்டு அதுலேர்ந்து வர்ற ஒரு ஹார்மோன்தான் காரணம்.

டக்குன்னு ஆரம்பிச்சு டக்குன்னு நின்னு, 150லேர்ந்து 250க்குள்ள ஒரே சீரா அடிச்சா எஸ்விடின்னு, அதாவது ஹார்ட்டோட கரண்ட் பாதைக் கோளாறால வர்ற படபடப்புன்னு சந்தேகப்படணும். மெதுவா ஏறி மெதுவா இறங்கினா பெரும்பாலும் ஹார்ட் சரியாத்தான் இருக்கு, வேற ஏதோ அதை விரட்டுது. சீரே இல்லாம தாறுமாறா அடிச்சா, அதுவும் வயசானவங்கன்னா, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா, அதாவது ஹார்ட் மேல் அறை சீரில்லாம துடிக்கறதா இருக்கலாம், அது பக்கவாதத்துல கொண்டு போய் விடலாம், அதனால அன்னிக்கே காட்டணும். நடுவுல ஒரு துடிப்பு விட்டு அடுத்தது தூக்கிப் போடுற மாதிரி இருந்தா அது எக்டோபிக், நிறைய பேருக்கு வரும், ஹார்ட் நல்லா இருந்தா பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்ல.

பயத்துக்கும் நெஞ்சடிப்புக்கும் என்ன தொடர்புன்னு ஒரு பாராவுல சொல்லிடறேன், இது புரியாமத்தான் 8 மாசம் வீணாச்சு. பயந்தா அட்ரினலின் சுரக்கும், அது ஹார்ட்டை வேகமாக்கும், கூடவே மூச்சும் வேகமாகும். மூச்சு வேகமானா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால கை வாய் எல்லாம் மரத்துப் போகும், தலை லேசாகும், நெஞ்சு இறுகும். உடனே "ஐயோ அட்டாக்"னு இன்னும் பயப்படுவோம், இன்னும் அட்ரினலின். இது பேனிக் அட்டாக். எஸ்விடில இதே வட்டம் அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கும், முதல்ல ஹார்ட் 188 அடிக்கும், அப்படி அடிச்சா எந்த மனுஷனுக்கும் பயம் வரும், வேர்க்கும், கை நடுங்கும். அதனால "பயமா இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டு, ஆமான்னு சொன்னா டென்ஷன்னு எழுதறது சரியான வழியே இல்ல. 1997ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல எஸ்விடி இருந்த 107 பேரைப் பார்த்திருக்காங்க, மூணுல ரெண்டு பங்கு பேருக்கு பேனிக் நோயோட அடையாளம் எல்லாம் பொருந்தியிருக்கு, பாதிக்கும் மேல உள்ளவங்களுக்கு முதல் தடவை காட்டினப்ப எஸ்விடி பிடிபடவே இல்ல. நான் இதை அக்காவுக்குப் படிச்சுக் காட்டினப்ப "அப்ப நான் மட்டும் இல்லையா கண்ணு"ன்னு கேட்டாங்க.

3. அடிச்சிட்டு இருக்கும்போதே ஈசிஜி எடுங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு படிதான் செய்ய முடியும்னா இதைச் செய்யுங்க. படபடப்பு நின்னதுக்கப்புறம் எடுக்கற ஈசிஜி பல பேருக்கு நார்மலாத்தான் வரும். அக்காவுக்கு 6 வருஷத்துல 11 ஈசிஜி, எல்லாம் நின்னதுக்கப்புறம் எடுத்தது, எல்லாம் நார்மல், ஒவ்வொரு நார்மலுக்கும் "பாருங்க ஒண்ணுமில்ல"ன்னு ஒரு பேச்சு.

அதனால இன்னிக்கே, நல்லா இருக்கறப்பவே, வீட்டுக்குப் பக்கத்துல 10 நிமிஷத்துல போற மாதிரி ஈசிஜி எங்க இருக்குன்னு பார்த்து வச்சுக்கோங்க. சின்ன நர்சிங் ஹோம், ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஜிஹெச், எதுவா இருந்தாலும் சரி, ராத்திரி யாராவது எடுப்பாங்களான்னு கேட்டு வைங்க. ஆபீஸ் பக்கத்துலயும் ஒண்ணு பார்த்து வைங்க. தனியார்ல எனக்கு 200லேர்ந்து 350 வரைக்கும் ஆச்சு, ஜிஹெச்ல காசு கிடையாது. அடிக்கும்போது நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க.

உள்ள நுழைஞ்சதும் கதை சொல்லாதீங்க. "இப்ப அடிச்சிட்டு இருக்கு, முதல்ல ஈசிஜி எடுங்க, மத்தது அப்புறம் சொல்றேன்"னு சொல்லுங்க. டோக்கன் போட்டு பிபி பார்த்து எடை பார்த்து உக்கார வச்சா அதுக்குள்ள நின்னுரும். நமக்கு சங்கடமாத்தான் இருக்கும், வாயைத் திறந்து கேட்டே ஆகணும். 12 லீடு ஈசிஜியான்னு, அதாவது ஹார்ட்டை 12 கோணத்துலேர்ந்து பதிவு பண்றதான்னு பார்த்துக்கோங்க.

ஊசி போட்டு நிறுத்தறதா இருந்தா, அடினோசின்னு ஒரு ஊசி, போட்ட கொஞ்ச செகண்ட்ல வேலை செய்யும், நெஞ்சு ஒரு நிமிஷம் என்னவோ போல இருக்கும், அந்த ஊசி ஏறும்போது ஈசிஜி ஓடிட்டே இருக்கணும்னு கேளுங்க. அது எப்படி நிக்குதுங்கற பேப்பர் பின்னாடி பார்க்கற ஸ்பெஷலிஸ்ட்டுக்குத் தங்கம் மாதிரி.

ஈசிஜி எடுக்கற வசதி உள்ள வாட்ச் இருந்தா அதுவும் உதவும், ஒரு லீடுதான் வரும், ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல். வெறும் பச்சை லைட் அடிச்சு பல்ஸ் காட்டற வாட்ச் எண்ணை மட்டும்தான் சொல்லும், வேகமா அடிக்கும்போது தப்பாவும் காட்டும்.

நல்லா இருக்கறப்ப எடுத்த ஈசிஜிலயும் ஒண்ணு மட்டும் கேட்டுருங்க, "டபிள்யூபிடபிள்யூ மாதிரி ஏதாவது தெரியுதா சார்"னு. பிறவிலயே கூடுதலா ஒரு கரண்ட் பாதை இருக்கறவங்களுக்கு அது படபடப்பு இல்லாதப்பவும் பேப்பர்ல தெரியலாம், அவசரத்துல கண்ணுக்குத் தப்பிரும்.

4. அந்தப் பேப்பரை லேமினேட் பண்ணாதீங்க

இதைத் தனி தலைப்பா எழுதறதுக்குக் காரணம் இருக்கு. ஒரு கார்த்திகை மாசம், அக்காவுக்கு அடிச்சிட்டு இருக்கும்போதே ஈசிஜி கிடைச்சுது. பக்கத்து தெரு நர்சிங் ஹோம்ல ஒரு சிஸ்டர் ஓடி வந்து எடுத்துக் குடுத்தாங்க. 6 வருஷத்துல முதல் தடவை. மாமா அது பத்திரமா இருக்கட்டும்னு அடுத்த நாள் ஜெராக்ஸ் கடைல குடுத்து லேமினேட் பண்ணச் சொல்லியிருக்கார். மெஷினுக்குள்ள வெள்ளையா போன பேப்பர் வெளிய வரும்போது முழுக்கக் கருப்பு. ஒரு கோடு கூட இல்ல. ஈசிஜி பேப்பர்ல பல மெஷினுக்கு வர்றது தெர்மல் பேப்பர், சூடு பட்டாலே கருக்கும். மாமா அதைக் கையில வச்சுக்கிட்டு கடை வாசல்லயே நின்னுட்டு இருந்தாராம், கடைக்காரப் பையனுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. அடுத்த தடவை ஈசிஜி கிடைக்க இன்னும் 5 மாசம் ஆச்சு.

அதனால ஈசிஜி கைக்கு வந்ததும் அங்கேயே நின்னு, நல்ல வெளிச்சத்துல, நிழல் விழாம, மேலேர்ந்து நேரா போட்டோ எடுங்க. பேரு, தேதி, நேரம் பேப்பர்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா பேனாவால எழுதச் சொல்லுங்க, கூடவே "படபடப்பின்போது எடுத்தது"ன்னும் எழுதிக்கோங்க. அன்னிக்கே ரெண்டு ஜெராக்ஸ். ஒரிஜினலை வெயில் படற எடத்துலயோ வண்டி சீட்டுக்கு அடிலயோ வைக்காதீங்க, பிளாஸ்டிக் கவர்ல மாசக்கணக்கா ஒட்டிக் கிடந்தாலும் மங்கிரும். சாதாரண பேப்பர் கவர் போதும்.

5. ரத்த டெஸ்ட், ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுரும்

மெதுவா ஏறி இறங்கற படபடப்பா இருந்தா எக்கோன்னு சொல்ற ஹார்ட் ஸ்கேனுக்கு ஓடறதுக்கு முன்னாடி இதை முடிங்க. ஹீமோகுளோபின், தைராய்டு டிஎஸ்ஹெச், சுகர், பொட்டாசியம். எனக்கு எல்லாம் சேர்த்து 950 ரூபாய், சாயங்காலமே ரிப்போர்ட். ரத்தம் கம்மியா இருந்தாலும் தைராய்டு கூடுதலா வேலை செஞ்சாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும், மாதவிடாய் அதிகமா போற பெண்களுக்கு ரத்தச்சோகைதான் காரணம்னு பல வீட்ல தெரியறதே இல்ல. முடி கொட்டறதுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க ரெண்டு நாள் நிறுத்திட்டு தைராய்டு டெஸ்ட் குடுங்க, அது ரிப்போர்ட்டைத் தப்பாக் காட்ட வைக்கும்.

கூடவே என்னென்ன சாப்பிடறீங்கன்னு ஒரு சீட்டு. டீ காபி எத்தனை, எனர்ஜி டிரிங்க், சிகரெட், சளி மாத்திரை, ஆஸ்துமா பஃப், எடை குறைக்கற பவுடர், தைராய்டு மாத்திரை டோஸ். நான் ஷிப்மென்ட் வாரத்துல 8 டீ குடிச்சிட்டு மதியம் சாப்பிடாம இருந்திருக்கேன், எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல, யாரும் கேட்கவும் இல்ல.

6. எக்கோ, ஹோல்டர்

எக்கோ ஹார்ட்டோட அமைப்பைப் பார்க்கறது, 20 நிமிஷம், வலி இல்ல, எனக்கு 1,500 ஆச்சு. ஒரு தடவை நார்மல்னு வந்து உடம்புல புதுசா எதுவும் மாறலைன்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடுக்க வேண்டாம். நான் 3 எடுத்தேன், ரெண்டு வீண்.

ஹோல்டர்ங்கறது நெஞ்சுல ஒயர் ஒட்டி ஒரு சின்ன பெட்டியை இடுப்புல கட்டி விடுவாங்க, 24 மணி நேரம் ஓடும். எனக்கு 2,800, ரிப்போர்ட் மூணாவது நாள். இதுல ஏமாறக்கூடிய எடம் நிறைய. மாசத்துக்கு ஒரு தடவை படபடப்பு வர்றவங்களுக்கு 24 மணி நேர ஹோல்டர்ல என்ன மாட்டும், காசுதான் போகும். வாரத்துக்கு ஒருக்கா வந்தா 7 நாள் ஒட்டற பேட்ச் கேளுங்க. அதைவிடக் குறைவா வந்தா, வரும்போது நாமளே பட்டன் அழுத்திப் பதிவு பண்ற ரெக்கார்டர் உண்டான்னு கேளுங்க.

மாட்டிக்கப் போற நாள் காலைலயே குளிச்சிருங்க, அப்புறம் கழட்டற வரைக்கும் குளிக்க முடியாது. நெஞ்சுல எண்ணெய் பவுடர் எதுவும் வேண்டாம். லூசான காட்டன் சட்டை. நம்ம ஊரு வெயில்ல வேர்த்து ஸ்டிக்கர் கழண்டுரும், எனக்கு முதல் தடவை மதியத்துலயே ரெண்டு ஒயர் தொங்கிருச்சு, திரும்பக் காசு கட்டி எடுத்தேன், அதனால கூடுதலா டேப் ஒட்டச் சொல்லுங்க. அப்புறம் அன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்ல படுத்துக்காதீங்க. எப்ப எல்லாம் வருதோ அதை எல்லாம் செய்யுங்க, படி ஏறுங்க, வேலைக்குப் போங்க. ஒரு டைரி குடுப்பாங்க, அதுல "2.40 மதியம், படபடப்பு, குனிஞ்சேன்"னு மணியோட எழுதணும். டைரி வெறுமையா இருந்தா ரிப்போர்ட்ல பாதி மதிப்பு போச்சு.

7. எஸ்விடின்னு உறுதியானா

பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இல்லாத ஒண்ணுதான், ஆனா வாழ்க்கையைக் கெடுக்கும். சாதாரண கார்டியாலஜிஸ்ட் பார்த்த பிறகு ஹார்ட்டோட கரண்ட் கோளாறை மட்டும் பார்க்கற எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்னு தனியா ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போங்க. கோயம்புத்தூர், மதுரை, சென்னை மாதிரி பெரிய ஊர்லதான் இருப்பாங்க, அப்பாயின்ட்மென்ட்டுக்கு எங்களுக்கு 9 நாள் ஆச்சு.

வரும்போது நிறுத்தறதுக்கு ஒரு முறை சொல்லித் தருவாங்க. 10 மில்லி சிரிஞ்சு, ஊசி இல்லாம, அதோட நுனியை வாய்ல வச்சு உள்ள இருக்கற தண்டு நகர்ற அளவுக்கு 15 செகண்ட் ஊதணும், முடிச்ச உடனே மல்லாக்கப் படுத்து காலை இன்னொருத்தர் 45 டிகிரி தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். 2015ல இங்கிலாந்துல பண்ண ஆய்வுல சும்மா ஊதினவங்கள்ல 100க்கு 17 பேருக்கு நின்னுதாம், படுத்து காலைத் தூக்கினவங்கள்ல 43 பேருக்கு. டாக்டர் முன்னாடி ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு அப்புறம் வீட்ல செய்யுங்க. கழுத்தை நீவி விடறது மட்டும் நீங்களா பண்ணாதீங்க. நிக்கலைன்னா ஆஸ்பத்திரி.

அடிக்கடி வந்தா அப்ளேஷன். தொடை இடுக்குல ரத்தக்குழாய் வழியா ஒயர் விட்டு அந்தக் கோளாறான எடத்தைச் சுடறாங்க. அக்காவுக்கு இருந்த ஏவிஎன்ஆர்டிங்கற எஸ்விடி வகைல 100க்கு 95க்கு மேல சரியாகுதுன்னு டாக்டர் சொன்னார், 100ல ஒருத்தருக்கோ அதைவிடக் குறைவாவோ பேஸ்மேக்கர் வைக்கற நிலைமை வரலாம்னும் சொன்னார், அதைக் கேட்டுட்டு வீட்ல எல்லாரும் கலந்து பேசித்தான் கையெழுத்து போட்டோம். உள்ள ரெண்டரை மணி நேரம், அப்புறம் 6 மணி நேரம் காலை மடக்காம படுத்திருந்தாங்க, மறுநாள் டிஸ்சார்ஜ், ஒரு வாரம் கனம் தூக்கல. மொத்தம் 1,68,000. வேகத்தைக் குறைக்கற மாத்திரை சாப்பிட்டா எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுட்டுப் போங்க, நாங்க கேட்காம போய் தேதி ஒரு வாரம் தள்ளிப் போச்சு.

8. பயம்தான்னு வந்தா

ஈசிஜி, ரத்தம், எக்கோ சரி, அடிக்கும்போது எடுத்த ஈசிஜியும் சாதாரணமா வேகமா இருக்கு, அவ்வளவுதான்னா ஹார்ட் கதையை அங்க மூடணும். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா, நான் நடிக்கறேனா"ன்னு எனக்குக் கோவம் வந்துச்சு. பேனிக் நிஜமான நோய், நெஞ்சு நிஜமாவே 128 அடிக்குது, அதுக்கு வைத்தியமும் நிஜமாவே இருக்கு.

மனநல மருத்துவர்கிட்ட போறதுக்கு வீட்ல தயங்குவாங்க. எங்க அம்மா மந்திரிச்சு கயிறு கட்டினாங்க, நான் கட்டிக்கிட்டேன், கட்டிக்கிட்டே டாக்டர்கிட்டயும் போனேன், அம்மா மனசும் நோகல. தனியார்ல முதல் தடவை 700, அரைமணி நேரம் பேசினார். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு ஓபி இருக்கு, காலைல சீக்கிரம் போனா மதியத்துக்குள்ள பார்த்துட்டு மாத்திரையும் இலவசமா வாங்கிட்டு வந்துரலாம். ஆதார் கார்டு, மேல சொன்ன ரிப்போர்ட் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா அதே டெஸ்ட்டை மறுபடி எழுதுவாங்க.

எஸ்சிடலோபிராம் மாதிரி மாத்திரை குடுத்தா முதல் ஒரு வாரம் படபடப்பு கூடற மாதிரி இருக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லல, நாலாவது நாளே நிறுத்திட்டேன், ஒரு மாசம் போச்சு. வேலை செய்ய 4லேர்ந்து 6 வாரம் ஆகும். நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, பல மாசம் சாப்பிட்டு டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். குளோனசிபாம், அல்பிரசோலாம் பதட்டத்தை உடனே அடக்கும், அதனாலதான் அதுக்கு அடிமையாயிருவோம், மருந்துக்கடைல தெரிஞ்சவர் இருக்கார்னு சீட்டு இல்லாம வாங்கவே வாங்காதீங்க. நடுக்கத்துக்குக் குடுக்கற புரொப்ரனலால் ஆஸ்துமா உள்ளவங்களுக்கு ஆகாது, சொல்லிருங்க.

மாத்திரையோட பேச்சு சிகிச்சையும் சேர்ந்தா நல்லது, சிபிடின்னு கேளுங்க, சைக்காலஜிஸ்ட் ஒரு தடவைக்கு 1,000 வாங்கினாங்க, நான் 9 தடவை போனேன். அதுல எனக்கு உதவினது ஒரு பயிற்சி. எங்க கம்பெனி படிக்கட்டு மூணு மாடி, வேணும்னே வேகமா ஏறச் சொன்னாங்க. முதல் நாள் ரெண்டாவது மாடிலயே கைப்பிடியைப் பிடிச்சுட்டேன், 134. உக்காந்து எதுவும் செய்யாம, தண்ணி கூடக் குடிக்காம, அது இறங்கறதை மட்டும் பார்க்கணும். 6 நிமிஷத்துல 92. அடுத்த நாள் மறுபடி. மூணாவது வாரம் ஏறி முடிச்சப்ப 130, அப்ப நான் மத்தியானம் பையர்கிட்ட போன்ல பேச வேண்டியதைப் பத்தி யோசிச்சிட்டு இருந்தேன்.

வரும்போது மூச்சை இழுக்கறதுல கவனம் வைக்காம விடறதை நீளமாக்குங்க, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க. பேப்பர் பைக்குள்ள மூச்சு விடற பழைய முறை வேண்டாம், நிஜமான ஹார்ட் பிரச்சனையா இருந்தா அது ஆபத்து. பேனிக் பொதுவா 10 நிமிஷத்துல உச்சிக்குப் போயிட்டு அப்புறம் இறங்கும். அப்புறம் அந்த ஆக்சிமீட்டரை, ஹார்ட் இல்லைன்னு உறுதியான பிறகு, எடுத்து வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க. நான் ஒரு நாளைக்கு 40 தடவை மாட்டிட்டு இருந்தேன், அதுவே நோயை வளர்த்துச்சு.

9. காசும் டாக்குமென்ட்டும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூணும் வேணும். சான்றுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு, விஏஓ ஆபீஸ் வழியா வர எங்களுக்கு 8 நாள் ஆச்சு, அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துல பதிவு. அப்ளேஷன் தேதி குறிச்சுட்டு இதுக்கு ஓடாதீங்க, எஸ்விடின்னு சந்தேகம் வந்தப்பவே சான்றுக்குப் போட்டு வைங்க. ஆஸ்பத்திரில காப்பீட்டு கவுண்டர்ல "இந்த சிகிச்சை இந்த ஆஸ்பத்திரில திட்டத்துல வருதா"ன்னு முதல்ல கேட்டு, முன் அனுமதி வந்த பிறகு அட்மிட் ஆகுங்க.

தனியார் பாலிசி வச்சிருக்கறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க. நான் ஒரு தடவை ராத்திரி பயந்து அட்மிட் ஆனேன், ஒரு நாள் வச்சிருந்து டெஸ்ட் எல்லாம் எடுத்து அனுப்பினாங்க, பில் 14,600. வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்ததுன்னு காப்பீட்டுக் கம்பெனி ஒரு ரூபா தரல, பாலிசியைப் பிரிச்சுப் படிச்சா அப்படித்தான் போட்டிருக்கு. அட்மிஷன் அவசியமான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, இல்லைன்னு சொன்னா டெஸ்ட்டை வெளிநோயாளியா எடுங்க, பாதிக் காசுல முடியும். ரெண்டாவது, டிஸ்சார்ஜ் சம்மரில எத்தனை வருஷமா படபடப்புன்னு எழுதியிருக்காங்கன்னு கிளம்பறதுக்கு முன்னாடி படிங்க. அக்காவுக்கு 6 வருஷம்ங்கறதை 16ன்னு எழுதிட்டாங்க, அதைத் திருத்தி வாங்க ரெண்டு தடவை உடுமலைலேர்ந்து கோயம்புத்தூர் போனோம். உண்மையை மறைக்கச் சொல்லல, மறைச்சா கிளெய்ம் மொத்தமா போயிரும், எண்ணு சரியா இருக்கான்னு பாருங்கங்கறேன்.

மனநோய்க்கு காப்பீடு கிடையாதுன்னு யாராவது சொன்னா, 2017 மனநலச் சட்டப்படி உடம்பு நோய்க்குக் குடுக்கற மாதிரியே இதுக்கும் குடுக்கணும். ஆனா வெளிநோயாளி செலவு பெரும்பாலான பாலிசில வராது, அதனால மாத்திரைக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் ரெண்டுலயும் விலை கேட்டுப் பாருங்க.

போன்ல மூணு நம்பர் பதிஞ்சு வைங்க. ஆம்புலன்சுக்கு 108, உடம்பு சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் 104, மனசு சம்பந்தமா பேச 14416. கடைசி நம்பருக்கு நான் ஒரு தடவை ராத்திரி 2 மணிக்குப் போன் பண்ணினேன், எடுத்தாங்க, தமிழ்லயே பேசினாங்க, காசு எதுவும் இல்ல.